டாஷில் 240, எஞ்சினில் 28: பாதி பிரித்து வாங்கிய டாட்சன் இசட் உண்மையில் எது?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பாதி பிரித்த நிலையில் ஒரு டாட்சன் இசட் (நிசானின் பழைய ஸ்போர்ட்ஸ் கார்; 240, 260, 280 என்று வரிசையாக வந்தது) வாங்கியிருக்கிறீர்கள். அமெரிக்காவுக்காகச் செய்த இடதுபக்க ஸ்டீயரிங் வண்டி. விற்றவர் 1971 மாடல் 240இசட் என்றார், டாஷ்போர்டு மேல் உள்ள தகட்டில் எச்எல்எஸ்30 என்று தொடங்கும் எண் இருக்கிறது, பத்திரத்திலும் அதே எண், அதே 1971. ஆனால் எஞ்சினில் எல்28 (280-இன் எஞ்சின்) என்று அடித்திருக்கிறது, பின் விளக்குகள் பிந்திய மாடலுடையவை போலத் தெரிகின்றன, எஞ்சின் அறையில் இருக்க வேண்டிய தகட்டைக் காணவில்லை, ஃபயர்வாலில் (எஞ்சின் அறைக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள இரும்புச் சுவர்) எண் இருக்க வேண்டிய இடத்தில் கெட்டியாகப் பெயிண்ட் பூசியிருக்கிறது. இது என்ன வண்டி?

ஒரே வரியில் சொன்னால், அந்தப் பெயிண்டுக்கு அடியில் இருப்பதுதான் உங்கள் வண்டி. அதைப் பார்க்கும்வரை ஒரு ஸ்பேர் பார்ட்கூட வாங்காதீர்கள். 240-க்கும் 280-க்கும் பல சாமான்கள் மாறும், அப்புறம் தவறான மாடலுக்கு வாங்கிய சாமானை வைத்துக்கொண்டு நிற்க வேண்டிவரும்.

இந்த மாதிரி வண்டிகளில் எல்லாரும் செய்வது எண்ணிக்கை பார்ப்பது: நாலு அடையாளம் 240 என்கிறது, மூன்று 280 என்கிறது, அதனால் 240. இப்படிக் கணக்குப் போடக் கூடாது. ஒவ்வொரு சாட்சியையும், அதை இன்னொரு வண்டியிலிருந்து கழற்றி இதில் மாட்ட எவ்வளவு உழைப்பு வேண்டும் என்று கேட்டு எடை போட வேண்டும். காகிதத்தை மாற்ற உழைப்பே வேண்டாம். ரிவெட் அடித்த தகட்டுக்கு ஒரு டிரில் போதும். எஞ்சினுக்கு ஒரு செயின் பிளாக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும். பாடியின் இரும்பிலேயே பஞ்ச் அடித்த எண்ணை மாற்றத்தான் வெட்டி, வெல்டிங் வைத்து, பட்டி போட்டு, பெயிண்ட் அடித்து மறைக்க வேண்டும், அப்படிச் செய்தாலும் தடம் விட்டுவிடும். பிரிட்டனில் ஒரு வண்டியை ஆகப் பெரிதாக மாற்றிக் கட்டினால் அதன் பழைய அடையாளம் நிற்குமா என்று பார்க்க மதிப்பெண் முறை ஒன்று வைத்திருந்தார்கள். எட்டு மதிப்பெண் வேண்டியிருந்தது, அதில் சேஸிஸ் அல்லது பாடிக்கு 5, சஸ்பென்ஷன், ஆக்ஸில், கியர்பாக்ஸ், ஸ்டீயரிங் ஒவ்வொன்றுக்கும் 2, எஞ்சினுக்கு வெறும் 1. நாம் எஞ்சினுக்குக் கொடுக்கிற மரியாதை கொஞ்சம் அதிகம்தான்.

அதனால் எல்28 என்று பார்த்துப் பதற வேண்டாம். இசட் வரிசையின் எல்24 (2393 சிசி), எல்26 (2565 சிசி), எல்28 (2753 சிசி) மூன்றும் ஒரே குடும்பத்து ஆறு சிலிண்டர் எஞ்சின்கள், அதே மவுண்டில் உட்காரும். 240-இல் எல்28-ஐத் தூக்கி வைப்பது உலகம் முழுக்க இசட்காரர்கள் செய்யும் வேலை; கூடுதல் இழுவை வேண்டுமென்றால் அதுதான் சுலபமான வழி. எஞ்சின் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள பிளாக்கிலும் (எஞ்சினின் அடிப்பாகம்) ஹெட்டிலும் (மேல்பாகம்) வார்த்திருக்கும் எழுத்துகளைப் பாருங்கள். பிளாக் என்42 என்றால் 280 காலத்தது, எஃப்54 என்றால் 1981 முதலான 280இசட்எக்ஸ் காலத்தது. ஹெட்டில் இ31 இருந்தால் ஆரம்பகால 240 ஹெட், இ88 என்றால் அதற்குப் பிந்திய 240 அல்லது 260. பிளாக் ஒரு வண்டி, ஹெட் இன்னொரு வண்டி என்று இருப்பதும் சகஜம். இதெல்லாம் எஞ்சினின் வரலாறு, வண்டியின் வரலாறு இல்லை. கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் அதே கதைதான்: ஆர்200 டிஃபரன்ஷியலும் ஐந்து கியரும் இருந்தால் 280-இலிருந்து வந்திருக்கலாம், ஆனால் ஆர்180-ஐக் கழற்றிவிட்டு ஆர்200 போட்ட 240-கள் ஏராளம்.

சரி, எண்ணுக்கு வருவோம். இணையத்தில் உள்ள எந்த வின் (வண்டி அடையாள எண்) டிகோடரிலும் இந்த எண்ணைப் போட்டுப் பார்க்காதீர்கள், செல்லாது என்றுதான் சொல்லும். 17 எழுத்து கொண்ட எண் 1981 மாடல் வண்டிகளிலிருந்துதான் அமெரிக்காவில் கட்டாயமானது. அதற்கு முந்திய வண்டிகளில் ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டப்படி எண் போட்டது. பத்தாவது எழுத்து மாடல் ஆண்டு, ஒன்பதாவது சரிபார்ப்பு எழுத்து என்று நாம் மனப்பாடமாக வைத்திருக்கும் எதுவும் இங்கே உதவாது.

டாட்சனின் முறை சின்னது. எஸ்30 என்பது பாடி. முன்னால் எச் இருந்தால் 240 அல்லது 280, ஆர் இருந்தால் 260. எல் இருந்தால் இடதுபக்க ஸ்டீயரிங், ஜி இருந்தால் நாலு சீட் உள்ள நீள வண்டி. அதாவது அமெரிக்க 260 ஆர்எல்எஸ்30, நாலு சீட் 280 ஜிஎச்எல்எஸ்30. உங்களைப் போன்ற பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான்: எச்எல்எஸ்30 என்ற முன்னொட்டு 240-க்கும் 280-க்கும் பொது. விற்பவர் ஃபயர்வாலைத் துடைத்து "பாருங்க, எச்எல்எஸ்30 போட்டிருக்கு" என்று காட்டினால் அதை 240 என்று நம்பிவிடக் கூடாது. அதற்குப் பின்னால் வரும் எண்தான் பேசும். 280-களின் எண்கள் இரண்டு லட்சத்துக்கு மேலிருந்து தொடங்குகின்றன, 240-கள் அதற்குள்ளேயே முடிந்துவிட்டன. ஆகவே ஹைபனுக்கு அப்புறம் மொத்தம் எத்தனை இலக்கம், முதல் இலக்கம் எது என்பதை விடாதீர்கள்.

இந்த எண் வண்டியில் இருக்க வேண்டிய இடங்கள் மூன்று: கண்ணாடி வழியே தெரியும் டாஷ் தகடு, எஞ்சின் அறைத் தகடு, ஃபயர்வால் இரும்பு. ஓட்டுநர் கதவுத் தூணிலும் ஒரு தகடு உண்டு, அதில் தயாரித்த மாதமும் ஆண்டும் இருக்கும். 240-இன் எஞ்சின் அறைத் தகட்டில் வண்டி எண்ணோடு எஞ்சின் எண்ணும் இருக்கும், அதனால்தான் அது காணாமல் போனது எனக்கு உறுத்துகிறது. பெயிண்ட் அடிக்கக் கழற்றி வைத்துத் தொலைத்திருக்கலாம், அப்படித் தொலைந்தவை நிறைய. ஆனால் அது இருந்திருந்தால் டாஷ் தகடு, எஞ்சின், பாடி மூன்றையும் ஒரே நொடியில் ஒப்பிட்டிருக்கலாமே.

டாஷ் தகட்டை ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள். ரிவெட் பளபளவென்று புதிதாக இருக்கிறதா, தகட்டின் ஓட்டையைச் சுற்றி நெளிவு இருக்கிறதா என்று கவனியுங்கள். அதைவிட முக்கியம், அந்த டாஷ்போர்டே எந்த மாடலுடையது என்பது. 260 வந்தபோது டாஷும் ஹீட்டர், ஏசி கட்டுப்பாடுகளும் மாறிவிட்டன. பிந்திய மாடல் டாஷ் மேல் 1971-இன் எண் தகடு உட்கார்ந்திருந்தால், யாரோ கையால் வைத்தது அது. டாஷ் சரியான 240 டாஷ்தான் என்றாலும் முடிவில்லை, டாஷோடு சேர்த்தே தூக்கி மாற்றியிருக்கலாம்.

இப்போது ஃபயர்வால். கிரைண்டர், எமரி, வயர் பிரஷ் எதையும் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். வண்டி எண்ணைத் தேய்த்து அழிப்பது பல நாடுகளில் குற்றம், நீங்கள் தேய்த்தீர்களா முன்னால் இருந்தவர் தேய்த்தாரா என்று பிறகு யாரும் பிரித்துப் பார்க்க மாட்டார்கள். முதலில் இப்போதுள்ள நிலையில் தேதி தெரியும்படி நிறையப் படம் எடுத்து வையுங்கள். அப்புறம் பெயிண்ட் ரிமூவர் தடவி, ஊறவிட்டு, பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால் மெதுவாக எடுங்கள். ஒவ்வொரு படலமாக வரட்டும், ஒவ்வொன்றின் நிறத்தையும் படம் பிடியுங்கள். நடுவில் பட்டி வந்தால் நின்று யோசியுங்கள்: ஃபயர்வாலில் பட்டி போட ஒரு நேர்மையான காரணம் உண்டு, இசட்களில் பேட்டரி ஆசிட் கசிந்து அந்தப் பக்கமே துருப்பிடித்துப் போகும். ஆனால் எண் இருக்கும் இடத்தைச் சுற்றிச் சதுரமாகப் பட்டி வந்தால் அது துரு வேலை இல்லை.

எண் தெரிந்ததும் எண்ணை மட்டும் பார்க்காமல் அதைத் தாங்கியிருக்கும் தகரத்தையும் பாருங்கள். எழுத்துகள் ஒரே ஆழமா, ஒரே வரியில் நிற்கின்றனவா? கையால் சுத்தியல் அடித்துப் பஞ்ச் பண்ணினால் ஒன்று ஆழமாகவும் அடுத்தது சாய்ந்தும் விழும். அந்தத் துண்டைச் சுற்றி வெல்டிங் கோடு இருக்கிறதா என்று உள்பக்கம், அதாவது டாஷுக்கு அடியிலிருந்தும், டார்ச் அடித்துப் பாருங்கள். வெளியே எவ்வளவு நன்றாகத் தேய்த்து மறைத்தாலும் உள்ளே மறைக்கச் சோம்பல் படுவார்கள். கம்பெனி வேலை என்றால் சீரான இடைவெளியில் சின்னக் குழிகளாக ஸ்பாட் வெல்டிங் இருக்கும். ஓட்டை போட்டு நிரப்பிய வெல்டிங் மேடாகவோ தேய்த்த வட்டமாகவோ தெரியும். எண் முழுவதும் தேய்த்து அழித்திருந்தால்கூட நம்பிக்கை போய்விடுவதில்லை. பஞ்ச் விழும்போது இரும்பு மேலே மட்டும் குழியாவதில்லை, அடியிலும் இறுகிப்போகிறது, தடயவியல் ஆய்வகத்தில் ஆசிட் தடவி அந்த இறுகிய பகுதியை வெளிக்கொண்டு வருவார்கள். அது போலீஸ் வழியாக நடக்க வேண்டிய வேலை, உங்கள் ஷெட்டில் முயலாதீர்கள்.

எண் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஷெல்லே (வெறும் பாடியே) நிறையச் சொல்லும். 280-க்கு அமெரிக்கச் சட்டத்துக்காக ஷாக் வைத்த பெரிய பம்பர், அந்த ஷாக் உள்ளே போக பாடியில் ஓட்டைகள் உண்டு. 240-இன் மெல்லிய குரோம் பம்பரை மாட்டுபவர்கள் இவற்றை அடைத்துவிடுவார்கள், ஆனால் உள்பக்கம் தெரியும். பின் விளக்குகள் 240-இல் ரிவர்ஸ் விளக்கோடு ஒரே தொகுப்பாக இருக்கும், 260-இலிருந்து ரிவர்ஸ் விளக்கு தனியாகப் போய்விட்டது. ஆனால் விளக்கும் திருகாணிச் சாமான்தான், அதற்குப் பெரிய மதிப்புத் தர மாட்டேன். ஓட்டுநரின் இடது கால் பக்கத்துச் சுவர் முக்கியம்: 280-இல் ஃப்யூல் இன்ஜெக்ஷன் பெட்டி அங்கேதான் இருந்தது, அதைப் பொருத்திய தடமோ அறுத்துவிட்ட ஒயரிங் கட்டோ இருந்தால் கார்புரேட்டர் வண்டிக்கு அது எதற்கு? தரைக்கு அடியில் ஓடும் ரெயில்கள் 280-இல் நீளம், கனம் இரண்டும் அதிகம், 240-இல் சீட்டுக்கு அடியிலேயே முடிந்துவிடும். ஆனால் துருப்பிடித்த 240-க்குக் கனமான ரெயில்கள் போட்டு வெல்டிங் வைப்பது வழக்கம், அதனால் கம்பெனி வெல்டிங்கா பிறகு வைத்ததா என்று பார்த்துத்தான் பேச வேண்டும்.

1971 என்பது கொஞ்சம் குழப்பமான ஆண்டும்கூட. ஆரம்பகால 240-களில் காற்று வெளியேறும் துளைகள் டிக்கிக் கதவிலேயே இருந்தன, 1971-இன் தொடக்கத்தில் அவை பக்கத் தூணுக்கு, வட்டமான இசட் சின்னத்துக்கு மாறின. உங்களிடம் இருப்பது வட்டச் சின்னம் என்றால் 1971-க்கு அது முரண் இல்லை. 280-க்கும் முரண் இல்லை! பத்திரத்தில் இருக்கும் ஆண்டையும் வேதவாக்காக எடுக்காதீர்கள், தயாரித்த ஆண்டு, மாடல் ஆண்டு, முதலில் விற்றுப் பதிந்த ஆண்டு மூன்றும் வேறு வேறாக இருப்பது அந்தக் காலத்தில் சாதாரணம்.

அடுத்து, யாரும் போலி செய்யக் கவலைப்படாத சின்னத் தேதிகள். எனக்குப் பிடித்த சாட்சிகள் இவைதான், ஏனென்றால் ஏமாற்றுபவர் எண்ணைப் பற்றித்தான் யோசிப்பார், சீட் பெல்ட் லேபிளைப் பற்றி யோசிக்க மாட்டார். பெல்ட்டின் அடிப்பகுதியில் தைத்திருக்கும் லேபிள், கண்ணாடிகளின் மூலையில் உள்ள முத்திரை, ரிலே, மோட்டார் மேல் உள்ள அடையாளங்கள் எல்லாவற்றையும் குறித்து வையுங்கள். ஜப்பானியப் பாகங்களில் சில சமயம் ஷோவா ஆண்டு (ஜப்பானியப் பேரரசரின் ஆட்சிக்கால ஆண்டுக்கணக்கு) போட்டிருப்பார்கள், அதோடு 1925-ஐக் கூட்டினால் நம் ஆண்டு, 46 என்றால் 1971. ஒரு தேதி ஒன்றையும் நிரூபிக்காது, கண்ணாடி உடைந்து மாற்றியிருக்கலாம். பத்துச் சாமானில் எட்டு 1976 என்றால் கதை வேறு. டயரின் நாலு இலக்கத் தேதியை இதில் சேர்க்காதீர்கள், அது வண்டி எப்போது ஓடாமல் நின்றது என்பதற்குத்தான் உதவும்.

பெயிண்டும் பேசும். டாஷுக்கு அடியில், பின்பக்க பிளாஸ்டிக் மூடிகளுக்குப் பின்னால், சீட்டுக்கு அடியில், டிக்கி ரப்பருக்குள்ளே என்று மறுபெயிண்ட் எட்டாத இடங்களில் கம்பெனி நிறத்தைத் தேடுங்கள். முன்பாதியில் ஆரஞ்சும் பின்பாதியில் பச்சையும் வந்தால் இரண்டு வண்டிகளை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். அப்படியென்றால் அடையாளப் பிரச்சினையைவிடப் பாதுகாப்புப் பிரச்சினைதான் முதலில், அந்த ஒட்டு எங்கே போகிறது என்று கண்டுபிடிக்காமல் வண்டியை ரோட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

ஏன் ஒருவர் 280-க்கு 240 தகடு அடிக்க வேண்டும் என்று கேட்பீர்கள். விலை ஒரு காரணம், 240 எப்போதும் கூடுதல் விலை போகும். இன்னொன்று புகைச் சோதனை: கலிஃபோர்னியாவில் 1975 வரையிலான மாடல்களுக்குத்தான் அதிலிருந்து விலக்கு. 1976-78 வண்டிக்கு 1971 பத்திரம் கிடைத்துவிட்டால் இன்ஜெக்ஷனைக் கழற்றி எறிந்துவிட்டுக் கார்புரேட்டர் போட்டுத் திரியலாம். துருவில் கரைந்துபோன 240-இன் தகடும் பத்திரமும் கைமாறுவது இதனால்தான். மூன்றாவது காரணம் எளியது, அசிங்கமானது: வண்டி திருட்டு வண்டி.

இதே புத்தி மற்ற வண்டிகளுக்கும் பொருந்தும். ஜப்பானிய ஏஇ85 கொரோலாவில் 1.5 லிட்டர் ஒற்றைக் கேம் எஞ்சின். அதை எடுத்துவிட்டு 4ஏ-ஜிஇ என்ற ட்வின் கேம் எஞ்சினை வைத்து ஏஇ86 என்று விற்பார்கள், ஃபயர்வால் எண் காட்டிக்கொடுத்துவிடும். அதே வண்டி அமெரிக்காவில் என்றால் ட்வின் கேம் ஜிடி-எஸ் மாடலின் எண்ணில் ஏஇ88 என்றுதான் இருக்கும், ஆகவே எந்தச் சந்தைக்கான வண்டி என்று தெரியாமல் குறியீட்டைப் படிக்கக் கூடாது. ஆர்32 ஸ்கைலைனில் உண்மையான ஜிடி-ஆர் பிஎன்ஆர்32, சாதா டர்போ எச்சிஆர்32. ஜிடி-ஆரின் பானெட்டும் முன் ஃபெண்டர்களும் அலுமினியம், ஒரு காந்தம் போதும் சந்தேகம் எழ. பிஎம்டபிள்யூ இ30 எம்3 என்றால் எண் டபிள்யூபிஎஸ் என்று தொடங்க வேண்டும், டபிள்யூபிஏ என்றால் அது சாதா இ30-க்கு எம்3 உடை. போண்டியாக் ஜிடிஓ-வில் 1966-இலிருந்து எண் 242 என்று தொடங்கும், 1964, 65 வண்டிகளில் எண்ணை வைத்து ஜிடிஓ என்று சொல்லவே முடியாது, கம்பெனியின் பழைய பதிவேடுதான் கதி. 1967 முதலான ஃபோர்டுகளுக்கு மார்ட்டி ரிப்போர்ட் கிடைக்கும், எந்த எஞ்சின், எந்த நிறத்தில் ஃபேக்டரியை விட்டு வந்தது என்பது வரை.

உங்கள் வண்டிக்குத் திரும்புவோம். ஃபயர்வால் எண்ணும் டாஷ் எண்ணும் ஒன்றாகவும், தகரம் கம்பெனித் தகரமாகவும் இருந்தால், உங்களிடம் இருப்பது எல்28 போட்ட 240. சந்தோஷமாக வேலையைத் தொடங்குங்கள். இரண்டு லட்சத்துக்கு மேல் எண் வந்தால் 280, ஆர்எல்எஸ்30 வந்தால் 260. இரண்டுமே நல்ல வண்டிகள்தான், ஆனால் பத்திரம் வேறு வண்டியுடையது. அதைப் பதிவு அலுவலகத்தில் நீங்களே போய்ச் சரிசெய்ய முயல்வதற்கு முன் ஒரு வக்கீலைப் பாருங்கள், ஏனென்றால் பொருந்தாத எண்ணைக் கையில் வைத்திருப்பவர் நீங்கள்தான், விற்றவர் இல்லை. அந்த எண் திருட்டுப் பட்டியலில் இருக்கிறதா என்று போலீஸிடம் கேட்பதையும் அவர் வழியாகவே செய்யுங்கள். எண் அழித்திருந்தாலோ துண்டு வைத்து ஒட்டியிருந்தாலோ அங்கேயே நிறுத்துங்கள், ஒரு போல்ட்டைக்கூடத் திருகாதீர்கள். சாமான் சாமானாகப் பிரித்து விற்றுவிடலாம் என்ற யோசனை வரும், அது இன்னும் பெரிய வம்பு.

விற்றவரிடம் இப்போதே சண்டைக்குப் போக வேண்டாம். அவரும் தெரியாமல் வாங்கியிருக்கலாம். யாரிடம் வாங்கினார், எப்போது, எஞ்சின் யார் மாற்றியது, கழற்றிய எல்24 எங்கே போனது என்று எழுத்தில் கேளுங்கள்; கடைசிக் கேள்விக்கு வரும் பதில் பெரும்பாலும் சுவாரஸ்யமாக இருக்கும். பெயிண்டை எடுத்ததும் ஃபயர்வாலை நேராக ஒன்று, சாய்வான வெளிச்சத்தில் ஒன்று, டாஷுக்கு அடியிலிருந்து ஒன்று, இடது கால் பக்கச் சுவர் ஒன்று, பம்பர் மாட்டும் இடங்களின் உள்பக்கம் ஒன்று என்று படம் அனுப்புங்கள். எண்ணின் கடைசி மூன்று இலக்கத்தை மறைத்துவிட்டே அனுப்புங்கள், எனக்கு மீதி போதும்.